‘கன்டேஜியன்’ படமும் கொட்டாஞ்சேனை மூன்றாம் மாடியும்

2025 மார்ச் 8, இரவு 10.40

ஒரு தம்பி கேட்டதை அப்படியே போடுகிறேன்: "‘கன்டேஜியன்’ இப்பதான் பார்த்தேன். நோய் வந்து கொஞ்ச நாளிலேயே கடையை உடைக்கிறார்கள், வீடு புகுந்து சுடுகிறார்கள். நாங்களும் கொரோனாவைக் கண்டவர்கள்தானே, கொழும்பில் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே. படம் சும்மா வெருட்டுகிறதா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். நான் அப்போதும் கொழும்பில் இதே கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில், இதே மூன்றாம் மாடியில்தான் இருந்தேன். ஒரு கடைக் கண்ணாடிகூட உடையவில்லை. பாண் விற்கிற ஓட்டோ வந்தால் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவோம். காசைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கூடைக்குள் போட்டுவிட்டால் பாணும் மிச்சக் காசும் மேலே வரும். ஒரு நாளும் கணக்குப் பிசகவில்லை. நோன்பு வந்தது, எதிர்வீட்டு நானா (முஸ்லிம் அண்ணாமாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டிலிருந்து வழமைபோல் கஞ்சி வந்தது, குடித்தோம். பக்கத்து மாடி அக்காவின் பிரஷர் குளிசை முடிந்தபோது எங்கள் மாடிப் பொடியன் ஒருவன் ஊரடங்குப் பாஸ் வைத்திருந்தவரிடம் சொல்லி எடுத்துக் கொடுத்தான்.

எங்கள் சனத்துக்குச் சேர்ந்திருக்கத் தெரியும். படம் எடுத்தவர்களுக்கு அது தெரியவில்லை.

மார்ச் 9, காலை

நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

முதலில் படம். இதைக் கொரோனாவுக்குப் பிறகு எடுத்ததாக நினைத்து இரண்டு பேர் பின்னூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். இல்லை. ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்தது, 2011இல் வந்தது. 2020 தொடக்கத்தில்தான் உலகம் முழுக்கத் திரும்பத் தேடிப் பார்த்தார்கள். அதில் வரும் எம்.ஈ.வி-1 கற்பனைக் கிருமி, ஆனால் நிப்பா வைரஸை முன்மாதிரியாக வைத்து, இயன் லிப்கின் போன்ற வைரஸ் ஆய்வாளர்களிடம் கேட்டுச் செய்தது. நிப்பா 1998-99இல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் பரவி நூறு பேருக்கு மேல் செத்தார்கள். படத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் அந்தப் பாதையைத்தான் காட்டுகிறார்கள். காட்டு மரத்தை இயந்திரம் சாய்க்கிறது, இடம்பெயர்ந்த வௌவால் தின்ற வாழைப்பழத் துண்டு பன்றிக் கொட்டிலுக்குள் விழுகிறது, பன்றி குசினிக்கு வருகிறது, சமையல்காரர் கையைக் கழுவாமல் ஏப்ரனில் துடைத்துவிட்டு விருந்தாளிக்குக் கை கொடுக்கிறார். முதல் நாள் அவ்வளவுதான்.

இனி "ஒன்றும் நடக்கவில்லை" என்ற கதை. மார்ச் 17ஆம் திகதி பருப்பு கிலோ 65 ரூபாய், டின்மீன் 100 ரூபாய் என்று அரசாங்கம் விலை குறைத்தது. அந்த விலை அறிவித்த பிறகு எங்கள் பக்கத்துக் கடைகளில் இரண்டும் மறைந்துபோனது. 24ஆம் திகதி காலையில் சில மணிநேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். விடியமுன்னமே போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் கூடையில் இரண்டு பை பருப்பு. பின்னால் வந்தவர் ஒன்றை எடுத்துத் தன் கூடையில் போட்டார். அந்த அம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தா, பிறகு ஒன்றும் பேசாமல் முன்னுக்கு நகர்ந்தா. நானும் ஒன்றும் பேசவில்லை. சண்டை பிடித்தால் வரிசையில் என் இடம் போய்விடும் என்பதுதான் அந்த நேரம் என் மனதில் இருந்தது.

படத்தில் உணவுப் பொதி முடிந்துவிட்டது என்றதும் வரிசை கலைகிற காட்சி வரும். எங்கள் வரிசை கலையவில்லை. ஆனால் அந்த அம்மாவின் பருப்பு போனது போனதுதான்.

மே 21ஆம் திகதி கொழும்பு மாளிகாவத்தையில் நடந்ததையும் நேற்று மறந்துவிட்டேன். நோன்புக் கடைசியில் ஒரு வியாபாரி காசு கொடுக்கிறார் என்று சனம் திரண்டு, நெரிசலில் மூன்று பெண்கள் செத்தார்கள். இரண்டு மாதம் கூலி வேலை இல்லாத வீடுகள். ஒரு கண்ணாடியும் உடையாமலே மூன்று உயிர்.

மார்ச் 9, பின்னேரம்

ஊரடங்கிலும் பாண் ஓட்டோ வழமையான பாட்டைப் போட்டுக்கொண்டா வந்தது என்று கேட்ட அக்காவுக்கு: ஓம், அதே பாட்டுத்தான். ஊருக்குள் ஒரு சத்தமும் இல்லாத நேரம் அந்தப் பாட்டு இரண்டு வீதி தள்ளி வரும்போதே கேட்கும். மகளுக்கு அப்போது நாலு வயது. இப்போதும் அந்தப் பாட்டுக் கேட்டால் பல்கனிக்கு ஓடுகிறாள். கூடை இன்னும் அங்கேதான் தொங்குகிறது, அதில் கொத்தமல்லி நட்டிருக்கிறோம்.

மார்ச் 10

தடுப்பூசிக் குலுக்கலைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். படத்தில் ஊசி எல்லாருக்கும் காணாது, ஆகவே பிறந்த திகதியை வைத்துக் குலுக்குகிறார்கள். டிவியில் பந்து உருண்டு வருகிறது, அந்தத் திகதியில் பிறந்தவர்களுக்கு அந்த முறை ஊசி. பெரியவன் சின்னவன் பேதமில்லாத முறை. ஆனால் உன் பிறந்தநாள் கடைசியில் வந்தால் மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிட.

நாங்கள் அதைச் சின்ன அளவில் வாழ்ந்து பார்த்தோம். 2020 மே 11இலிருந்து அடையாள அட்டையின் கடைசி இலக்கப்படிதான் சாமான் வாங்க வெளியே போகலாம். 1, 2 என்றால் திங்கள், 3, 4 செவ்வாய், 5, 6 புதன், 7, 8 வியாழன், 9, 0 வெள்ளி. எனக்கு 4, மனைவிக்கு 3, மாமிக்கு 3. வீடு முழுக்கச் செவ்வாய்க்கிழமைக்காரர். புதன்கிழமை தக்காளி முடிந்தால் அடுத்த செவ்வாய் வரைக்கும் புளிதான். எதிர்வீட்டு நானாவுக்கு 8. வியாழக்கிழமை காலை படியிறங்கும்போது எங்கள் கதவைத் தட்டி, "தம்பி, என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்பார். துண்டில் எழுதிக் கதவுக்குக் கீழால் தள்ளிவிடுவேன். கதவைத் திறக்கவில்லை.

இதை எழுதும்போதுதான் அந்தக் கடைசி வசனம் எனக்கே உறைக்கிறது.

மார்ச் 11, இரவு 1.15

முதல் நாள் எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. அப்படித்தான் நடந்தது என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன் போல. மனைவி இன்று இதையெல்லாம் வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டா: "கஞ்சியை நாங்கள் குடிச்சமா?"

குடிக்கவில்லை.

அந்த ஏப்ரலில் என்ன நடந்தது என்று நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். கொழும்பு 12, பண்டாரநாயக்க மாவத்தையில் தொற்று என்று சொல்லி நூற்றுக்கணக்கானவர்களை பஸ்களில் ஏற்றித் தனிமைப்படுத்தல் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். டிவி செய்தியில் நோயின் பெயரை விட அந்த வீதியின் பெயரும் அங்கே இருக்கிற ஆட்களின் பெயரும்தான் கூடக் கேட்டது. யாருக்கு வந்தது, எந்த இனம், எந்தப் பள்ளிவாசல் என்று போனில் வரும் தகவல்களுக்கு அளவில்லை. நானும் இரண்டை வேறு ஆட்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அதே கிழமைதான் நோன்பு தொடங்கியது.

நோன்பு தொடங்கி இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ. ஆறு மணிக்குப் பிறகு கதவு தட்டுப்பட்டது. கதவுக் கண்ணால் பார்த்தேன். நானாவின் மனைவி. பாத்திரத்தை எங்கள் கால்மிதியில் வைத்துவிட்டு, தன் வீட்டு வாசலுக்குப் பின்வாங்கிப் போய் நின்று, "சூடா இருக்கு, இப்பவே குடிங்க" என்றா. நான் உள்ளேயிருந்தே "சரி தாத்தா" என்றேன் (முஸ்லிம் அக்காமாரை அப்படித்தான் கூப்பிடுவோம்). அவவின் கதவு சாத்துப்பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் கதவைத் திறந்தேன். பழைய ஷொப்பிங் பை ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு பாத்திரத்தைத் தூக்கினேன்.

நாலு தட்டுக் கரியரின் மேல்தட்டு அது. மூடியில் ஆவி பிடித்துத் துளித்துளியாக நின்றது. இஞ்சியும் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்ந்து வரும் அந்த மணம். சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த மணம், நோன்பு மாதத்தில் இந்தத் தொடர்மாடியின் படிக்கட்டு முழுக்க நிற்கும். அப்படியே குசினிக்குக் கொண்டுபோய் சிங்கில் ஊற்றினேன். சோறு குழாயில் அடைத்துக்கொண்டது, கரண்டிக் காம்பால் குத்தி உள்ளே தள்ளினேன். மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். பாத்திரத்தை டெட்டோல் போட்டுக் கழுவி, காயவைத்து, அவர்கள் வாசலில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டு ஓடிவந்தேன். அவர்கள் வீட்டுப் பாத்திரத்தை நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அம்மா இருந்த காலத்தில் ஒரு பிடி சீனியாவது போடாமல் அனுப்ப மாட்டா.

அதற்குப் பிறகு கஞ்சி வரவில்லை. அந்த வருடமும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை. ஊரடங்கினால் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்து, பிறகு நினைக்காமலே விட்டுவிட்டேன். மேலே "வழமைபோல் வந்தது, குடித்தோம்" என்று எழுதியிருப்பதை அழிக்கப் போவதில்லை, கிடக்கட்டும். ஆனால் தம்பிக்கு நான் சொன்ன பதிலை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 11, காலை

"அந்த நேரம் எல்லாரும் பயந்துதான் இருந்தோம், இதெல்லாம் பெரிய விசயமா" என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு: மரக்கறிக்காரர் தொட்ட கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் கழுவிச் சமைத்தோம். பாண் ஓட்டோக்காரர் தொட்ட பாணைச் சூடுகாட்டிச் சாப்பிட்டோம். கொதிக்கக் கொதிக்க வந்த கஞ்சியைத்தான் ஊற்றினோம். கிருமிக்குப் பயந்தது மட்டும் காரணம் என்றால் கஞ்சியைத் திரும்ப ஒருக்கால் கொதிக்கவைத்திருக்கலாமே.

மார்ச் 14

அவர்கள் கைபட்டால் ஆகாது என்ற அந்த நினைப்பு வீட்டுக்குள் மட்டும் நிற்கவில்லை, அரசாங்க வர்த்தமானியில் (அரசிதழில்) ஏறியது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானிப்படி, கொவிட்டில் இறந்த எவரையும் எரித்தே ஆகவேண்டும். புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள் இங்கே.

2018இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோது இறந்த முஸ்லிம் ஒருவரை, குழியை ஆழமாகத் தோண்டி, பாதுகாப்பு உடையோடு அடக்கம் செய்தார்கள். நிப்பா கொரோனாவை விடப் பல மடங்கு ஆட்கொல்லி. அங்கே முடிந்தது. 2019இல் வந்த ‘வைரஸ்’ என்ற மலையாளப் படம் அந்த நாட்களைப் பற்றியதுதான். ‘கன்டேஜியன்’ பார்த்தவர்கள் அதையும் பாருங்கள். வைத்தியர்களோடு நிற்காமல் தாதிமார், அம்புலன்ஸ் ஓட்டுநர், சவம் எரிப்பவர் என்று கீழ்மட்டத்து ஆட்களின் கையையும் காலையும் காட்டுகிற படம்.

2020 டிசம்பரில் பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தார்கள். அதற்குப் பிறகு சனம் பொரளை கனத்தை மயானத்து வேலியில் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கியது. ஒரு நாள் ஓட்டோவில் அந்தச் சுற்றுவட்டத்தால் போகும்போது பார்த்தேன். கைக்குட்டை, சவத்தைச் சுற்றுகிற கபன் துணிக் கீலம், யாரோ கிழித்த சட்டைத் துண்டு, ஒரு பள்ளிக்கூட ரிபன். சிங்கள ஓட்டோ ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்தார், இரண்டு பேரும் பேசவில்லை. இரவோடிரவாக அகற்றினார்கள், ஆட்கள் திரும்பவும் வந்து கட்டினார்கள்.

2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய விட்டார்கள். அதுவும் கொழும்பில் இல்லை, மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில். அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், சகல மதத்தவரும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாம்பலாகிப் போனவர்களின் வீட்டார் அதை எப்படிக் கேட்டிருப்பார்களோ.

தம்பி, சமூகம் உடைவது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். உன் படத்தில் துப்பாக்கியோடு முகமூடி போட்டவர்கள் வீடு புகுகிறார்கள். இங்கே உத்தியோகபூர்வக் கடதாசியோடு வந்தார்கள். நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 16

நேற்று முழுப் படத்தையும் திரும்பப் பார்த்தேன். இந்தத் தடவை கடை உடைக்கிற காட்சிகள் மனதில் நிற்கவில்லை.

ஒன்று: கேட் வின்ஸ்லெட் நடித்த தொற்றுநோய் அதிகாரி மியர்ஸ். நோயைத் துரத்திக்கொண்டு போனவவுக்கே நோய் வந்துவிடுகிறது. விளையாட்டு மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போட்ட இடத்தில் கிடக்கிறா. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் குளிரில் நடுங்குகிறார், போர்வை இல்லை. தன்னுடைய மேற்சட்டையை அவர் பக்கம் நீட்டப் பார்க்கிறா. கை எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவவைப் பையில் சுற்றுகிறார்கள். எத்தனை செக்கனோ தெரியாது, நான் நாலு தடவை பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன்.

இரண்டு: லோரன்ஸ் ஃபிஷ்பர்ன் நடித்த பெரிய அதிகாரி, ஊர் மூடப்போகிறது என்ற ரகசியத்தைத் தன் காதலிக்கு மட்டும் போனில் சொல்லிவிடுகிறார். துப்புரவு வேலை செய்கிற மனிதர் அதைக் கேட்டுவிடுகிறார். தனக்கும் குடும்பம் இருக்கிறதே என்பது அவர் பக்கம். கடைசியில் அந்த அதிகாரி தன் பங்கு ஊசியைக் கொண்டுபோய் அந்தத் தொழிலாளியின் மகனுக்குப் போடுகிறார். முதல் தடவை பார்த்தபோது இதைச் சினிமாத்தனம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நேற்று அந்த இடத்தில் மனைவி எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா.

நான் 8ஆம் திகதி "படம் எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை" என்று எழுதினேன். அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மார்ச் 17

படத்தில் வருகிற போர்சித்தியா என்ற செடியின் சாற்றைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஜூட் லோ நடித்தவர் இணையத்தில் அந்தச் சாறுதான் மருந்து என்று கிளப்பிவிட, மருந்துக்கடை வாசலில் அடிபாடு. எங்களுக்கு இருந்தது கேகாலைப் பாணி, கொரோனாவுக்கு மருந்து என்று கிளப்பிவிட்ட பாகு. 2020 டிசம்பரில் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர், ஊரடங்குக் காலத்து இடைவெளி எல்லாம் மறந்து, கேகாலையில் கூடினார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரே பகிரங்கமாக வாங்கிக் குடித்தார், 2021 ஜனவரியில் அவருக்குத் தொற்று உறுதியானது. பிழைத்து வந்தார், நல்லது.

என் மச்சானும் அன்றைக்கு ஒரு போத்தலுக்காக விடிய விடிய நின்றார். அவருடைய தாய்க்கு எண்பது வயது, சுவாசக் கோளாறு. ஊசி எப்போது வரும் என்று ஒருவரும் சொல்லாத காலம். இந்தியாவிலிருந்து முதல் ஐந்து லட்சம் ஊசி வந்து இறங்கியதே 2021 ஜனவரி 28இல்தான். அந்த இடைவெளியில் தாயைக் கட்டிலில் வைத்துக்கொண்டு இருந்தவனை மூடன் என்று நான் சொல்லமாட்டேன். பாணியை விற்றவன் வேறு, அதைத் தூக்கிப் பிடித்த பெரியவர்கள் வேறு, வரிசையில் நின்றவன் வேறு.

மார்ச் 20

இன்றோடு ஐந்து வருடம்.

2022 பொருளாதார நெருக்கடி வரிசைகளை ஏன் விட்டீர்கள் என்று ஒருவர் கேட்டார். கேஸ், பெற்றோல், மண்ணெண்ணெய். ஆட்கள் வரிசையிலேயே விழுந்து செத்தார்கள். ஆனால் அந்த வரிசைகளில் சனம் பேசியது. ஆட்டோவில் படுத்துக் கிடந்தவருக்கு யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். எங்கள் மாடியில் ஒரு கேஸ் சிலிண்டரில் மூன்று வீடு சமைத்தது, நானா வீடும் அதில் ஒன்று. பசி வந்தபோது கதவு திறந்தது, நோய் வந்தபோது மூடியது. ஏன் என்று யோசிக்கிறேன். பசி பக்கத்து வீட்டிலிருந்து எனக்குத் தொற்றாது என்பதாலா? எனக்கு விடை தெரியவில்லை, யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

மார்ச் 22, இரவு

இன்று பின்னேரம் போனேன். நோன்பு திறக்க அரை மணித்தியாலம் இருந்தது. பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன், வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது. நானாவின் மனைவிதான் கதவைத் திறந்தா. வாசலிலேயே நின்று சொன்னேன். கஞ்சியை ஊற்றியதை, குழாய் அடைத்ததைக்கூடச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா: "எனக்குத் தெரியும் தம்பி. பாத்திரம் டெட்டோல் மணத்துச்சு. ஒரு கிழமைக்கு அதில ஒண்டும் வைக்க ஏலாமப் போச்சு."

அடுப்பில் கஞ்சி கொதிக்கிற சத்தம் உள்ளேயிருந்து வந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மகள் இப்ப எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டா. நாலு என்றேன். பெட்டியை வாங்கி மேசையில் வைத்தா.

நானா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவருக்கு இனித்தான் சொல்ல வேண்டும்.